இடக்கை நூல்

அன்று மத்தியானம் நூல் அறுந்தது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடிப் பல்கனியில், பத்து வருடங்களாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்று நூற்கிற சவுந்தரநாயகத்தின் கையில் நூல் அறுந்ததை அவர் மனைவி பாலேஸ்வரி அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை. தக்ளி கீழ்வீட்டுக் குசினி ஜன்னலின் தகட்டில் பட்டு, அங்கிருந்து மதிலோரத்து ஈரச் சந்தில் போய் விழுந்தது. மணியை ஒரு தரம் அடித்துவிட்டு உடனே கையால் பொத்தினதுபோல அந்தச் சத்தம் மொட்டையாகக் கேட்டது.

"அங்கிள், உங்கட சிலந்தி செத்துப் போச்சி!" கீழ்வீட்டு றஸ்மியா ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாள்.

"சாகேல்லைப் பிள்ளை, மயக்கம்தான். மேலை அனுப்பிவிடு" என்றார் அவர்.

றஸ்மியா சிரித்துக்கொண்டே படியேறிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றரைச் சாண் நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி, அடியில் பித்தளை வட்டு, நுனியில் நூலைப் பிடிக்கச் சின்னக் கொக்கி. தக்ளி என்றால் அவ்வளவுதான். வட்டின் விளிம்பில் புதிதாக ஒரு நசுங்கல் விழுந்திருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி பல்கனிக் கம்பியருகே போய் நின்றார்.

மற்றவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து கை நீளத்துக்கு நூற்பார்கள். அவர் பல்கனிக் கம்பியில் வயிற்றைச் சாய்த்து நின்று, வலது கையில் பஞ்சைப் பிடித்து, இடது கையின் இரண்டு விரல்களால் தக்ளியைச் சுண்டிக் கீழே இறங்கவிடுவார். அது சுழன்று நூலை நீட்டிக்கொண்டு றஸ்மியாவின் ஜன்னலைத் தாண்டி இறங்கும். சுழற்சி தளர்ந்து எதிர்ப்புறம் திரும்பத் தொடங்குமுன் மேலே இழுத்து, நூலைத் தக்ளியின் கம்பியில் சுற்றி, மறுபடி சுண்ட வேண்டும். ஒரு கணம் பிந்தினால் போட்ட முறுக்கு முழுவதும் கழன்றுவிடும். அன்று சுண்டியபோது வழக்கமான ரீங்காரத்துக்குள் ஒரு நொண்டல் கேட்டது. நசுங்கிய விளிம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் இடறியது. ம்ம்ம்-டக். ம்ம்ம்-டக்.

அவர் இடக்கைக்காரர். அதனால் அவர் நூற்ற நூலின் முறுக்கு ஊரில் உள்ள நூலுக்கெல்லாம் எதிர்ப்புறமாக ஓடும். அந்த நூலை ஊசியில் கோத்து அவள் தைத்தால், தைக்கத் தைக்க முறுக்கு விட்டு இழை பிரிந்து நிற்கும். "உங்கட நூலும் உங்களை மாதிரித்தான், சொல்லுக் கேளாது" என்று அவள் ஏசுவாள். ஏசிக்கொண்டே அவருடைய வெளிர்நீலச் சேட்டின் மூன்றாவது பொத்தானை அந்த நூலாலேயே தைத்தும் விடுவாள்.

அவளுடைய தாலியும் அந்த நூலில்தான் தொங்கியது. களவுக்குப் பயந்து தங்கக் கொடியைக் கழற்றி வங்கிப் பெட்டகத்தில் வைத்த வருடம் தொடங்கி, ஆவணி மாதம் கலியாணநாள் வருமுன் அவர் நூல் நூற்று, ஒன்பது இழை சேர்த்து முறுக்கி, மஞ்சள் பூசிக் கொடுப்பார். அவளைச் சுவரைப் பார்க்க நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்து, பிடரியில் நூலை வைத்து அளவெடுப்பார். குளிர்ந்த விரல்கள். அவள் ஒவ்வொரு வருடமும் கூச்சத்தில் தோளைக் குலுக்குவாள். அவர் ஒவ்வொரு வருடமும் "அசையாதையும், அளவு பிழைக்கும்" என்பார்.

அந்த வருடம் தொண்ணூற்றாறு. ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. பழைய கயிறு நைந்து இரண்டு இடத்தில் பிசிர் விட்டிருந்தது.

"பஞ்சு முடிஞ்சுது" என்று சொல்லி அவர் தக்ளியைப் பல்கனிச் சுவர் ஆணியில் மாட்டினார். கொக்கியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு முறுக்காத வெறும் பஞ்சு தொங்கியது. அடுத்த தரம் புதுப் பஞ்சை ஒட்டுவதற்கு அந்த வாலை விட்டுவைப்பது அவர் வழக்கம். தக்ளியில் இருக்கிற நூலை ஒருநாளும் வெட்டி முடிக்கக்கூடாது என்பார்.

"அப்ப போய் வாங்குங்கோவன். ஐயருக்குப் பூணூலுக்கும் நூல் குடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறியள்."

"நாளைக்கு ஒரு உருளை வாங்குறன். மற்ற அஞ்சும் பிறகு, ஒவ்வொண்டா."

"ஒவ்வொண்டா வாங்கி அலையாதேங்கோ. ஆறையும் ஒரேயடியா வாங்கிக்கொண்டு வாங்கோ. இந்த வருஷமும் பிந்தினா நான் கறுத்த நூலிலைதான் தாலியைக் கட்டுவன், சொல்லிப்போட்டன்."

அவர் சிரித்தார். "ஆவணிக்கு முதல் முடிச்சுத் தருவன். கையிலை என்ன இருக்குதோ அதிலை நூற்றாவது தருவன். காணுமே?"

மூன்று மணிக்கு அந்த வெளிர்நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அவர் நூற்றது மருந்துக்கடைப் பஞ்சில். கொழும்பில் சுத்தமான பஞ்சு வேறெங்கும் கிடைப்பதில்லை. நீலக் கடதாசியில் சுற்றிய, காயத்துக்கு வைத்துக் கட்டுகிற பஞ்சு. அந்தப் பஞ்சு போர் நடக்கிற வடக்கே அனுப்பத் தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று என்பதும், ஒரு தமிழர் பையில் ஆறு உருளையோடு காலி வீதியில் நடந்தால் சோதனைச்சாவடியில் என்ன கேட்பார்கள் என்பதும் வெள்ளவத்தையில் இருந்த எவருக்கும் தெரியும். பாலேஸ்வரிக்கும் தெரியும். ஆனால் பத்து வருடமாக அந்த வீட்டில் பஞ்சு என்றால் நூல். காயம் என்ற நினைவே அவளுக்கு வரவில்லை. வந்தபோது மணி ஆறு.

மருந்துக்கடைப் பெட்டை, அவர் வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னாள். சந்தியில் இளநீர் விற்றவன், சாவடி மேசையில் பஞ்சு உருளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்ததைக் கண்டதாகவும், பிறகு இலக்கத்தகடு இல்லாத வாகனம் ஒன்று வந்ததாகவும் சொல்லிவிட்டு, தான் சொன்னதாக எங்கும் சொல்லவேண்டாம் என்றான். கொட்டாஞ்சேனையிலிருந்து பாலேஸ்வரியின் தம்பி நாகேந்திரம் வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு நான்கு நாட்கள் பொலிஸ் நிலையங்களில் ஏறி இறங்கினான். எல்லா மேசையிலும் ஒரே பதில். "எஹெம கெனெக் நே, அம்மா." அப்படி ஒருவர் இல்லை.

"அக்கா, நீங்கள் எங்களோட வந்து இருங்கோ" என்றான் நாகேந்திரம். "தனியா இஞ்சை இருக்கேலாது. பதிவை மாத்துவம்."

பதிவு என்றால் வாசற்கதவின் உட்புறத்தில் அவள் ஒட்டிவைத்திருந்த பொலிஸ் படிவம். வீட்டில் இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அடியில் மொத்தம்: இரண்டு. சோதனைக்கு வந்தால் அந்தத் தொகையும் நிற்கிற ஆட்களும் சரியாக இருக்கவேண்டும்.

"மாத்துறதெண்டா?"

"அத்தான்ரை பேரை வெட்டத்தானே வேணும், அக்கா. இல்லாட்டி ஆளெங்கை எண்டு உங்களைத்தான் கேப்பாங்கள்."

"வெட்டுறதுக்கு அவர் என்ன செத்தே போனார்?" என்று அவள் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டி றஸ்மியா உள்ளே வந்தாள். கையில் மா பிசைந்த ஈரம். முகமெல்லாம் சிரிப்பு.

"அங்கிள் வந்திட்டாரா? சொல்லாம இரிக்கிறீங்களே அன்டி!"

பாலேஸ்வரி அவளுக்குப் பின்னால் படியை எட்டிப் பார்த்தாள்.

"இப்ப என்ட ஜன்னலுக்கு முன்னால சிலந்தி எறங்கிச்சே. ரெண்டு தரம். நான் கண்ணால கண்ட." சிரிப்பு மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து வடிந்தது. "வரல்லியா?"

அந்த வருடம் நாடு முழுவதும் மின்வெட்டு. அந்த ஒழுங்கைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணி தொடங்கி மூன்றரை வரை. மின்விசிறி நின்ற பிறகு வீட்டுக்குள் ஒரு கனமான அமைதி வந்து உட்காரும். அந்த அமைதிக்குள் கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகிற அதிர்வும், கீழே யாரோ தேங்காய் துருவுகிற சத்தமும், மதிலோரச் சந்திலிருந்து ஏறிவருகிற பாசி வாடையும், உப்புக் காற்றில் பல்கனிக் கதவின் கொண்டி அசைகிற கிணுக்கும் தனித்தனியாக, பக்கத்தில் வைத்ததுபோலத் துலக்கமாகத் தெரியும். அவர்கள் இருவரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். பிறகு பாலேஸ்வரி போய்த் திறந்தாள்.

தக்ளி ஆணியில்தான் தொங்கியது. அப்போது காற்றில்லை. ஆனாலும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் மாட்டிவிட்டுக் கையை எடுத்ததுபோல.

"காத்துதான்" என்றாள் றஸ்மியா. கதவருகிலேயே நின்றாள். பல்கனிக்குள் வரவில்லை.

அவள் போன பிறகு பாலேஸ்வரி தக்ளியைக் கையில் எடுத்தாள். பஞ்சு முடிந்தது என்று அவர் மாட்டியபோது கம்பியில் சுற்றியிருந்த நூல் சுண்டுவிரல் பருமன். இப்போது பெருவிரல் பருமன். நுனியில் தொங்கிய முறுக்காத வால் இன்னும் ஒரு விரல் நீளம்தான். அவள் மேல் இழையைப் பிடித்து வலப்புறம் திருகிப் பார்த்தாள். முறுக்கு விட்டது. இடப்புறம் திருகினாள். இறுகியது.

அவருடைய கை.

அவள் அன்று பயப்படவில்லை. எட்டு நாட்களாக நெஞ்சுக்குள் இருந்த கல் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டு அவர் நூற்கிறார். பஞ்சு அவரிடம்தான் இருக்கிறது, ஆறு உருளை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். ஆள் உயிரோடிருந்தால்தானே நூற்கமுடியும்? இதை அவள் நாகேந்திரத்துக்குச் சொல்லவில்லை. எவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் சமைக்கும்போது இரண்டு பேருக்கு அரிசி போட்டாள். ஒரு மணிக்கு மின்சாரம் போனதும் பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இரண்டு மணிக்குக் கேட்டது.

ம்ம்ம்-டக். ம்ம்ம்-டக்.

எழும்பிக் கதவைத் திறந்தபோது ஆணியில் தக்ளி அசைந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு நாளும் அப்படியே. கதவு சாத்தியிருந்தால் சத்தம் வரும், திறந்தால் ஓய்ந்துவிடும். நூல் மட்டும் கூடும். நாளுக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று. அவள் அதை மடியில் வைத்து இழையை விரலால் தடவிப் பார்ப்பாள். கடிதம் வாசிக்கிறவளைப்போல ஒவ்வொரு மேடுபள்ளமாகத் தடவுவாள். இந்த இடத்தில் தடிப்பு, அவசரப்பட்டிருக்கிறார். இந்த இடத்தில் நல்ல மெல்லிசு, முதல்நாள் இரவு நித்திரை கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

இருபதாம் நாள் நூல் நீலமாக வந்தது.

முதலில் நிழல் என்று நினைத்தாள். தக்ளியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெள்ளை நூல் ஓரிடத்தில் கலங்கி, பிறகு வெளிர்நீலமாகத் தொடர்ந்தது. துணியைப் பிய்த்துப் பிய்த்து, இழையை இழையாகக் கலைத்து, பஞ்சாக்கி நூற்ற நூல். சொரசொரப்பு. அதில் ஒரு வாடை இருந்தது; நன்றாகக் காயாத சேட்டை அயன் பண்ணும்போது எழும்புகிற வாடை, அதன் அடியில் வேர்வை, அதற்கும் அடியில் இரும்பு. நாலைந்து முழத்துக்கு அப்பால் நீலம் ஓரிடத்தில் பழுப்பாக மாறி, மறுபடி நீலமானது. அந்தப் பழுப்பில் அவள் விரல் பட்டதும் விரல் தானாக விலகியது.

நுனியில், முறுக்காத வாலில், ஏதோ கடினமாகச் சிக்கியிருந்தது. பிரித்து எடுத்தாள். ஒரு பொத்தான். அதன் துளைகளில் வெள்ளை நூல். அவள் தைத்தது. இழை பிரிந்து நின்றது.

பஞ்சு உருளை ஆறும் சாவடி மேசையிலேயே நின்றுவிட்டன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதலில் வந்த வெள்ளை எதிலிருந்து வந்தது? அவர் உள்ளே போட்டிருந்த பெனியன். பிறகு சேட்டு. கையில் என்ன இருக்கிறதோ அதில்.

அன்று பின்னேரம் றஸ்மியா சோறு கொண்டுவந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அன்டி, கோவிக்காதீங்க. நான் என்ட ஜன்னல அடச்சிட்டன். பலகை வச்சி."

"ஏன் பிள்ளை?"

"எறங்கக்குள்ள அது நிக்கிது. என்ட முகத்துக்கு நேரா. சுத்தாம நிக்கிது. பொறகு மேல இழுபடுது." அவள் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "நூல் நனஞ்சி இரிக்கி அன்டி. சொட்டுது."

அடுத்த நாள் பாலேஸ்வரி கதவைச் சாத்தவில்லை. ஒரு விரல் இடைவெளி விட்டு, பின்னால் நின்று, மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பல்கனிச் சீமெந்தில் வெள்ளையாகக் கிடந்தது. கடல் ஒரு தகடு. காகம்கூட இல்லை. ரயில் ஒன்று போனது. அது போன பிறகு அந்த அதிர்வு நிற்காமல், மெலிந்து, ரீங்காரமாக மாறிப் பல்கனிக்குள் வந்து நின்றது.

ஆணி வெறுமையாக இருந்தது.

பல்கனிக் கம்பிக்கு மேலே, காற்றில், ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், நூல் தொடங்கியது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. பஞ்சில்லை. கையில்லை. ஒன்றுமில்லாத ஓர் இடத்திலிருந்து நூல் புறப்பட்டு, கம்பியைத் தாண்டி, நேராகக் கீழே இறங்கியது. இழுபட்டது. தளர்ந்தது. பிறகு மேலே வந்தது, முழம் முழமாக. தக்ளி கம்பி உயரத்துக்கு ஏறி நின்றது. சுழற்சி ஓய்ந்துகொண்டிருந்தது. ஓய்ந்தது. எதிர்ப்புறம் திரும்பப் போகிற அந்தக் கணத்தில் அது சுண்டப்பட்டது.

இடப்புறமாக.

நூல் சாம்பல் நிறத்தில் வந்தது.

அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் ஒரே தலையணையில் அருகில் கிடந்த தலை. முன்பக்கத்து முடி வெள்ளை, பின்பக்கம் இன்னும் கறுப்பு. சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டது அவள் கைதான். பல்கனி முழுவதும் நல்லெண்ணெய் வாடை. அதனூடே சந்தின் வாடை, மழைவிட்ட மண்ணைக் கிண்டின வாடை.

அவளுக்குக் கத்த வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர் தூது அனுப்பவில்லை. சிறையில் இருந்து நாள் போக்கவில்லை. அவள் கேட்டாள், அவர் தருகிறார். முதலில் பெனியன். பிறகு சேட்டு. இப்போது இது. இதற்குப் பிறகு?

"காணும்" என்றாள், கதவிடுக்கில் வாயை வைத்து. "இஞ்சேருங்கோ. எனக்குக் கயிறு வேண்டாம். விடுங்கோ. காணும்."

ம்ம்ம்-டக்.

கலியாணநாளுக்கு இரண்டு நாள் முன்னர், குளியலறையில், முதல் வாளித் தண்ணீரை ஊற்றும்போது பழைய கயிறு அறுந்தது. தாலி நெஞ்சில் வழுக்கிக் காலடியில் விழுந்து தண்ணீர் போகும் வழியை நோக்கி உருண்டது. அவள் முழங்காலில் விழுந்து அதைப் பொத்திப் பிடித்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. ஈரம் அந்த வெறுமையில் இறங்கி ஓடுவது தெரிந்தது.

எல்லாம் துலக்கமாக விளங்கியது. இதைக் குங்குமச் சிமிழுக்குள் போட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வெறும் கழுத்தோடு எழும்பி, நாகேந்திரத்துக்கு ஆள் அனுப்பி, கதவில் இருக்கிற படிவத்தில் அந்தப் பெயரை வெட்டச் சொன்னால் போதும். கழுத்து இல்லாவிட்டால் கயிறு எதற்கு? அவர் நிறுத்திவிடுவார். அவரிடம் மிஞ்சியிருப்பது அவரிடமே இருக்கும்.

அவள் எழும்பிப் போய்த் தக்ளியை எடுத்தாள்.

ஒன்பது இழை எடுத்து, அவர் செய்கிறதைப் பார்த்த ஞாபகத்தில், ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி முறுக்கினாள். வெள்ளை, நீலம், பழுப்பு, சாம்பல். தக்ளியை அவள் வெறுமையாக்கவில்லை. கடைசி வாலைக் கொக்கியில் விட்டாள். மஞ்சள் பூசினாள். எல்லா நிறமும் மஞ்சளாயின. தாலியைக் கோத்து, பிடரியில் மூன்று முடிச்சுப் போட்டாள். உயிரோடிருக்கிறார். வெட்டவில்லை. உயிரோடிருக்கிறார்.

முடிச்சு எட்டவில்லை. இழுத்துப் பிடித்துப் போடவேண்டியிருந்தது. நெஞ்சில் கிடக்கவேண்டிய தாலி தொண்டைக்குழியில் நின்றது. அவள் கண்ணாடிக்கு முன்னால் கையை வைத்து அளந்தாள்.

ஒரு சாண் குறைவு.

இரண்டு மணிக்குச் சத்தம் மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு அவள் தக்ளியைத் தொடவில்லை. பல்கனிப் பக்கம் பார்க்கவுமில்லை. கதவு திறந்து கிடந்தது. சாத்துவதற்கு அங்கே போகவேண்டும். சீமெந்தில் ஏதோ சொட்டிச் சொட்டிக் காய்ந்தது. எறும்புகள் வரிசையாகப் போய்வந்தன. கலியாணநாள் வந்து போனது.

ஆவணி முடிகிற கிழமை, மின்சாரம் இல்லாத மத்தியானம், ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம். வீடு வீடாகச் சோதனை. கீழே றஸ்மியாவின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு படி. பாலேஸ்வரி கதவைத் திறந்தாள். துவக்கோடு ஒருவன் படியில் நின்றுகொண்டான். மற்றவன் இளம் பொலிஸ்காரன். கையில் கொப்பி, காதில் பென்சில். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டடி வைத்தான்.

கதவைத் திருப்பிப் படிவத்தை வாசித்தான். பெயர்களைச் சிங்கள வாயால் எழுத்துக்கூட்டிச் சொன்னான். கீழே தொகையில் விரலை வைத்தான்.

"தென்னெக்." இரண்டு பேர். "அனித் கெனா கோ?" மற்றவர் எங்கே?

அவள் இந்தக் கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் பாடமாக்கியிருந்தாள். திகதி. சந்தி. முறைப்பாட்டு இலக்கம். எல்லாம் சிங்களத்தில். வாய் திறந்தது. கயிறு தொண்டைக்குழியில் நின்றது. சொல்லிவிட்டால் பென்சில் அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு போடும்.

அவளுக்குப் பின்னால், பல்கனியில்,

ம்ம்ம்-டக்.

பொலிஸ்காரன் அவள் தோளுக்கு மேலால் பார்த்தான்.

"ஆ. மஹத்தயா இன்னவனே." ஐயா இருக்கிறார்தானே.

வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது. வெயிலுக்குக் கூசுகிறவன்போல அவன் கண்களைச் சுருக்கினான். மூக்கு விரிந்தது. ஒரு அடி பின்னால் வைத்தான்.

"மஹத்தயாட்ட..." புறங்கையால் மூக்கை மூடினான். "மஹத்தயாட்ட அசனீபத?"

ஐயாவுக்குச் சுகமில்லையா.

அவள் திரும்பவில்லை.

"ஓவ்" என்றாள். ஆம்.

அவன் பென்சிலை எடுத்து, கொப்பியைப் பாராமலே ஏதோ எழுதினான். படிவத்தில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டான். கோணலாக விழுந்தது. தொப்பியைப் போட மறந்து, கையில் பிடித்தபடியே, இரண்டிரண்டு படியாக இறங்கினான். மற்றவன் என்னவோ கேட்டான். கேட்டபடியே பின்னால் இறங்கினான்.

அவள் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதைப் பார்த்தபடியே நின்றாள்.

ரீங்காரம் ஓய்ந்திருந்தது.

ஆணியில் இரும்பு உரசுகிற சத்தம்.

பிறகு சீமெந்துத் தரையில். மெதுவாக. ஈரமாக. முன்னறைக்குள்.

அவள் தோளைக் குலுக்கவில்லை. அசையவில்லை. அசைந்தால் அளவு பிழைக்கும். பிடரியில், முடிச்சுக்கு மேலே, நனைந்த நூல் ஒன்று வைக்கப்பட்டது. ஒரு சாண் தூரத்துக்கு அது தோலோடு மெல்ல நகர்ந்தது. அதைப் பிடித்திருந்தவை விரல்கள்போல இல்லை. விரல்களுக்குள் இருப்பவைபோல இருந்தன.

முகத்துக்கு நேரே, கதவில், படிவம். பெயர் ஒன்று. பெயர் இரண்டு. அடியில், பென்சில் சரிக்குப் பக்கத்தில், மொத்தம்: இரண்டு.